சிரு: பழங்குடிப் பட்டியலில் உண்டு, மொழிப் பட்டியலில் இல்லை

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். இது சிறிய என்று பொருள்படும் 'சிறு' அல்ல. இடையின ரகரம். முதல் எழுத்தை 'பச்சை'யில் வரும் சகரம் போல அழுத்திச் சொல்ல வேண்டும். மணிப்பூரின் மலையடிவாரங்களில் வாழும் ஒரு பழங்குடிக்கு இது பெயர். அவர்கள் பேசும் மொழிக்கும் இதுவே பெயர். அசாமிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணிப்பூரின் பழங்குடி அட்டவணையைப் பிரித்தால் சிரு என்ற பெயருக்கு எதிரே 8,599 என்ற எண் இருக்கும். அதே கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணைக்குப் போய் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அகரவரிசையில் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர்கள் வரும். இந்திய மண்ணில் பிறக்காத அரபுக்கு அங்கே ஒரு வரி உண்டு. ஆப்கானியரின் பஷ்தோவுக்கு உண்டு, திபெத்திய மொழிக்கும் உண்டு. இதே மண்ணில் பிறந்த சிரு மட்டும் 'பிற' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கிடக்கிறது.

தமிழ் வாசகருக்கு இதை இன்னும் கிட்டத்தில் காட்டலாம். மணிப்பூரின் பர்மா எல்லையில் மோரே என்ற சிற்றூர் இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், எல்லை வியாபாரத்தில் காலூன்றினார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் போக இன்று மிஞ்சியிருப்பவர்கள் ஒரு கைப்பிடிதான். ஆனாலும் மணிப்பூர் மாநில மொழி அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது. நாடு முழுக்கச் சேர்த்தால் தமிழ் பேசுவோர் 6.9 கோடி என்பதால் மோரேயின் அந்தச் சில குடும்பங்களும் தனிப் பெயரோடு எண்ணப்படுகின்றன. பக்கத்து மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் சிருவுக்கு அந்தத் துணை இல்லை.

பத்தாயிரம் என்ற கோடு

இதில் யாருடைய சதியும் இல்லை. ஓர் எண்தான் காரணம். 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளின் பெயரை அச்சிட்டது. 1971 முதல், நாடு முழுவதும் சேர்த்து 10,000 பேருக்குக் குறைவானவர்கள் சொன்ன தாய்மொழிகளின் பெயரைத் தனியாக வெளியிடுவது நின்றுபோனது. 2011இல் மக்கள் தங்கள் வாயால் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. எழுத்துப் பிழை, ஒரே மொழிக்கு இரண்டு மூன்று பெயர், சாதிப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சலித்தெடுத்தபின் தேறியவை 1,369. அவற்றில் பத்தாயிரம் என்ற கோட்டைத் தாண்டியவை 270. அந்த 270ஐயும் தொகுத்து 121 மொழிகள் என்று வகுத்தார்கள். செய்தித்தாள்களில் நாம் படிக்கும் 'இந்தியாவில் 121 மொழிகள்' என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

சிருவின் அண்டை உறவான கோம் மொழி இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் பெயரின் பின்னால் இருப்பது அந்தக் குடியின் பெயர். கோம் மக்கள் 2011இல் பதினான்காயிரத்துச் சொச்சம். ஆகவே அவர்கள் மொழிக்கு வரி உண்டு. எட்டாயிரத்துச் சொச்சம் பேரின் சிருவுக்கு இல்லை. இரண்டு மொழிகளுக்கும் இடையே இலக்கணத்திலோ சொல்வளத்திலோ பெரிய ஏற்றத்தாழ்வு எதுவும் கிடையாது. சில ஆயிரம் தலைகள்தான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைசூரில் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் அழிநிலை மொழிகளைப் பதிவுசெய்யும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அதில் சேர என்ன தகுதி? பேசுவோர் 10,000 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் வாசலை அடைக்கிற அதே எண் இங்கே நுழைவுச்சீட்டாகிறது. ஆனால் அந்தச் சீட்டை நீட்டக் கையில் ஆதாரம் வேண்டுமே! எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற விவரத்தை வெளியிடாத ஓர் ஆவணத்தை வைத்துக்கொண்டு, எங்கள் மொழியைக் குறைவானவர்களே பேசுகிறார்கள் என்று எப்படி நிறுவுவது?

நீலகிரிக்கும் இதே கதைதான். தோடா, கோத்தா இரண்டும் பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பதால் அட்டவணையில் தனிப் பெயர் இல்லாதவை. 2018இல் அழிவின் விளிம்பில் நிற்பவை என்று 42 இந்திய மொழிகளின் பட்டியல் செய்தியானபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தவை இவ்விரண்டும்தான். மணிப்பூரிலிருந்து ஐமோல், கொய்ரெங், லம்காங், புரும், தராவ் முதலியவை இருந்தன. சிருவின் பெயர் அதில் இல்லை. ஒரு பட்டியலில் சேர எண்ணிக்கை போதவில்லை, மறு பட்டியலிலும் பெயர் இல்லை.

எங்கே இருக்கிறார்கள்

இம்பால் பள்ளத்தாக்கை ஒரு தாம்பாளமாக நினைத்துக்கொண்டால் சிரு ஊர்களில் பல அதன் விளிம்பில் இருக்கின்றன. கங்சூப் சிரு, சாது சிரு என்று ஊர்ப் பெயரிலேயே குடிப்பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாது சிருவை மணிப்பூரில் தெரியாதவர் குறைவு. அங்கே அருவி இருக்கிறது. மூன்று அடுக்காக விழும் அதன் முதல் அருவி ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். இம்பாலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருகிற இடம். முன்பு சேனாபதி மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 2016 டிசம்பரில் மாவட்டம் பிரிந்தபோது காங்போக்பிக்குப் போனது.

'சாது சிரு அருவிக்குப் போனோம்' என்று படம் போடுகிறவர்களுக்கு அதில் சிரு என்பது ஒரு மொழியின் பெயர் என்று தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். நாமும் அப்படித்தான். தோடர் என்றால் ஊட்டியில் படம் எடுத்துக்கொள்ளும் குடிசை என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விளிம்பில் இருப்பது முக்கியமான விஷயம். உள்மலையில் ஒதுங்கி வாழும் கூட்டத்துக்குத் தன் மொழி மட்டும் போதும். பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருப்பவருக்குப் போதாது. சந்தை கீழே இருக்கிறது, ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது, கல்லூரி, வேலை, வழக்கு எல்லாம் கீழே. கீழே இறங்கினால் மெய்தேய் மொழி. மணிப்பூரி என்று அரசு அழைக்கும் இம்மொழி 1992இல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. 2011 கணக்குப்படி 17.6 லட்சம் பேரின் தாய்மொழி. சிரு பேசுவோரின் இரண்டாம் மொழி பொதுவாக அதுவே. ஆக ஒரு சிரு குழந்தை வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்குள் வளர்கிறது. இது குறையல்ல, கெட்டிக்காரத்தனம். ஆனால் மூன்றில் எதை விட்டாலும் பிழைக்க முடியும் என்று கணக்குப் போட்டால் விடக்கூடியது ஒன்றே ஒன்றாக இருக்கிறது, அது வீட்டு மொழி. ஆபத்து அங்கிருந்து வருகிறது.

மலை முழுக்க ஒரே மாதிரி மக்கள் என்ற எண்ணம் வெளியூர்க்காரர்களுக்கு உண்டு. மணிப்பூர்ப் பழங்குடிகளில் தாடோ மக்கள் 2011இல் இரண்டு லட்சத்துக்கு மேல், தங்குல் மக்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அதே பட்டியலில் கொய்ரெங் இரண்டாயிரத்துக்குக் கீழே, தராவ் ஆயிரத்தைச் சற்றே தாண்டி, புரும் முந்நூறுக்கும் கீழே. பழங்குடி என்ற ஒரே சொல்லுக்குள் பெரும்பான்மையும் உண்டு, சிறுபான்மைக்குள் சிறுபான்மையும் உண்டு. சிரு இரண்டாவது வகை. மெய்தேய் மட்டுமல்ல, பக்கத்து மலைகளின் பெரிய மொழிகளும் அதன்மேல் நிழல் வீழ்த்துகின்றன. மணிப்பூரில் தாடோ, தங்குல், பைத்தே, ஹமார் போன்ற மொழிகள் பள்ளிப் பாடமாகவே வளர்ந்திருக்கின்றன. புத்தகமும் தேர்வும் மதிப்பெண்ணும் உள்ள மொழி பக்கத்தில் இருந்தால் அவை இல்லாத மொழி வீட்டுப் பேச்சு என்று சுருங்கிவிடும்.

ஐந்தும் ஆறும்

சிரு எந்தக் குடும்பம்? திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் கிளை. அதற்குள் கோம், ஐமோல், கரம், கொய்ரெங், புரும் முதலியவற்றோடு சேர்ந்த ஒரு கொத்து. ஆங்கிலேய அதிகாரிகள் இந்தக் கொத்துக்குப் 'பழைய குக்கி' என்று பெயர் வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அலையாக வந்தவர்களுக்கு முன்பே மணிப்பூர், கச்சார் பக்கம் வந்து குடியமர்ந்தவர்கள் என்பது அதன் பொருள். மக்களே வைத்துக்கொண்ட பெயரல்ல, இதை விரும்பாதவர்களும் உண்டு. மொழியியலாளர்கள் இப்போது வடமேற்குக் குக்கி-சின் என்கிறார்கள்.

உறவு எப்படித் தெரிகிறது? எண்களைப் பார்த்தால் போதும். நாம் அஞ்சு என்கிறோம், மலையாளி அஞ்சு என்கிறார், கன்னடர் ஐது என்கிறார். உறவு காதிலேயே விழுகிறது. அங்கே ஐந்துக்கு மிசோவில் 'பங்ஙா', மெய்தேயில் 'மங்ஙா', பர்மிய மொழியில் 'ங்ஙா', திபெத்திய மொழியிலும் 'ங்ஙா'. ஆறுக்கு மிசோவில் 'பருக்', மெய்தேயில் 'தருக்'. முன்னால் ஒட்டும் அசை மாறுகிறது, நடு உடல் மாறவில்லை. லாசாவிலிருந்து இரங்கூன் வரை ஓடும் ஒரு நூல் இது. சிருவும் அதன் சுற்றமும் அந்த நூலில் கோத்த மணிகள். (போகிற போக்கில் ஒன்று: மெய்தேயில் எட்டுக்கு 'நிபான்', ஒன்பதுக்கு 'மபான்'. பத்துக்கு இரண்டு குறைவு, பத்துக்கு ஒன்று குறைவு என்று பொருள் சொல்கிறார்கள். நம் ஒன்பதுக்குள்ளும் பத்துக்கு ஒன்று குறைவு என்ற கணக்கு ஒளிந்திருப்பதாகச் சொல்வதுண்டு. உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி விரல் மடக்கியிருக்கின்றன.)

இன்னொரு சான்று கையால் தொடக்கூடியது. சுரைக்குடுக்கையில் மூங்கில் குழல்களைச் செருகி வாயால் ஊதும் ஒரு வாத்தியம் இந்த மலைகள் முழுக்க உண்டு. குடுக்கையின் கழுத்து ஊதுவாய். வயிற்றிலிருந்து நீளமும் குட்டையுமாகக் குழல்கள் நிற்கும். மிசோவில் அதற்கு 'ரோச்சேம்' என்று பெயர். திரிபுராவின் ஹலாம் மக்கள் 'ரோசெம்' என்பார்கள். தாடோவில் 'கோசெம்'. முதல் ஒலியைக் கவனியுங்கள். மிசோவில் ரகரம் இருக்கும் இடத்தில் தாடோவில் ககரம். தற்செயல் இல்லை. பாம்புக்கு மிசோவில் 'ரூல்', தாடோவில் 'கூல்'. எலும்புக்கு 'ரூ', 'கூ'. ஆறுக்கு 'பருக்', 'கூப்'. வரிசையாக ஒரே மாற்றம். தமிழில் பகரம் இருக்கும் இடத்தில் கன்னடம் ஹகரம் சொல்வது போல: பால் என்றால் ஹாலு, பல் என்றால் ஹல்லு.

இப்படிப்பட்ட ஒழுங்குகளை வைத்துத்தான் எழுத்தே இல்லாத ஒரு மக்களின் பழைய பயணத்தை மீட்டெடுக்கிறார்கள். கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை, சொல்தான் சாசனம். அந்தச் சாசனத்தில் சின்ன மொழிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. குக்கி-சின் மொழிகளில் வினையோடு 'யார்' என்ற குறி ஒட்டும். நாம் போனேன், போனாய், போனான் என்று வாலில் ஒட்டுகிறோம். மிசோவில் தலையில் ஒட்டும்: 'க கல்' என்றால் நான் போகிறேன், 'இ கல்' என்றால் நீ போகிறாய், 'அ கல்' என்றால் அவன் போகிறான் அல்லது அவள் போகிறாள். அதே 'க' பெயர்முன் வந்தால் 'என்' ஆகிவிடும்: 'க இன்' என்றால் என் வீடு. ஆனால் வடமேற்குக் கொத்தைச் சேர்ந்த லம்காங், மொன்சாங் போன்ற குட்டி மொழிகளில் தலையில் மட்டுமல்ல, சில இடங்களில் நம்மைப் போல வாலிலும் குறி ஒட்டுகிறது. அந்த வால்தான் மிகப் பழையது என்பது ஆய்வாளர் சிலரின் வாதம். பெரிய வீட்டில் தொலைந்துபோன நகை சின்ன வீட்டுப் பரணில் இருந்ததைப் போல. சிருவை முழுதாகப் பதிவுசெய்யாமல் விட்டால் எதை இழக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். இழப்பது என்னவென்று பட்டியல் போடுவதற்கே முதலில் பரணில் ஏறிப் பார்த்தாக வேண்டும்.

எழுதியவர்கள்

எழுதாமலே இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கிரியர்சனின் இந்திய மொழியியல் ஆய்வில் குக்கி-சின் மொழிகளுக்கான தொகுதி 1904இல் வந்தது. அதில் சிருவுக்கு இடம் உண்டு. அந்த ஆய்வு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்திருந்தார்கள்: விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமையை ஒவ்வொரு மொழியிலும் சொல்லவைத்து எழுதிக்கொள்வது. ஒரே கதை நூற்றுக்கணக்கான வாய்களில். சொந்தக் கதை சொல்லத் தெரிந்த மக்களிடம் அடுத்தவர் கதையைச் சொல்லச்சொன்ன இந்த வேலையை இன்று விமர்சிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க உதவியதையும் மறுக்க முடியாது. 1912இல் ஷேக்ஸ்பியர் என்ற ராணுவ அதிகாரி (நாடகாசிரியர் அல்ல) லுஷாய்-குக்கிக் குலங்களைப் பற்றி எழுதிய நூலிலும் சிரு வருகிறது. இரண்டிலும் சில பக்கங்கள்தான்.

பக்கத்து வீட்டுப் புருமின் கதை வேறு. 1945இல் தாரக் சந்திர தாஸ் புரும் மக்களைப் பற்றி முழு நூல் ஒன்று எழுதினார். அவர்களுடைய திருமண முறை மானிடவியலில் பெரிய சர்ச்சையானது. நமக்கும் அது சுவையானது. மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டக் கூடாது. பெண் கொடுக்கும் குலம் எப்போதும் கொடுக்கும், எடுக்கும் குலம் எப்போதும் எடுக்கும். கொண்டு-கொடுத்து மாற்றிக்கொள்வது கிடையாது. முறைப்பெண் என்றால் இரு பக்கமும் பார்க்கும் நமக்கு இது பாதி தெரிந்த, பாதி அந்நியமான கணக்கு. அந்தச் சில ஊர்களை வைத்து மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டு விவாதம் நடந்தது. அந்தப் புகழால் புரும் மொழிக்கு ஆன நன்மை என்ன? 2011இல் புரும் என்று எண்ணப்பட்டவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. மக்களைப் பற்றி அடுத்தவர் எழுதிக் குவிப்பது ஒன்று, அந்த மக்கள் தங்கள் மொழியில் எழுதுவது வேறொன்று.

இரண்டாவது வழிக்கு லம்காங் நல்ல எடுத்துக்காட்டு. லம்காங் மக்கள் 2011இல் ஏழாயிரத்துச் சொச்சம், சிருவை விடக் குறைவு. அமெரிக்காவின் வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி மெய்தேய் இலக்கணம் எழுதிய ஷோபனா செல்லையா, லம்காங் பேசுவோருடன் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தார். கதைகள், பேச்சுகள், சொற்கள் ஒலிப்பதிவாகித் தென்னாசிய மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் ஏறின. எப்படி எழுதுவது, எந்த எழுத்தைக் கூட்டுவது என்ற கேள்விகளில் ஊர்க்காரர்களே உட்கார்ந்து வாதாடினார்கள். இதில் அடங்கியிருக்கும் உழைப்பு வெளியே தெரியாது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கி, சொல் சொல்லாகப் பிரித்து, பொருள் எழுத நாள் கணக்கில் ஆகும். அதுவும் மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான்.

குக்கி-சின் மொழிகளுக்கு ரோமன் எழுத்துதான் பொது வழக்கு. அதில் உள்ள சிக்கல் சுருதி. இவை தொனி மொழிகள்; அதே ஒலியைத் தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். ரோமன் எழுத்தில் அது தானாக வராது. குறி போட்டால் எழுதுவது பாரம், போடாவிட்டால் படிப்பது ஊகம். மொழி வாயில் இருக்கும்வரை ஊகம் சரியாகவே இருக்கும். பேரன் காலத்தில் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், குறியில்லாத எழுத்து பாதிப் பாட்டைத்தான் சொல்லும்.

குடும்பமும் கொடியும்

மொழிக் குடும்பத்தை வைத்துச் சிரு மக்கள் குக்கிகள் என்று முடிவு கட்டினால் அது தப்பாகிவிடும். மணிப்பூரில் இந்தப் பெயர்கள் அரசியல் கனம் கொண்டவை. நாகா அமைப்புகளின் கூட்டமைப்பான ஐக்கிய நாகா மன்றத்தின் பழங்குடிப் பட்டியலில் சிரு இருக்கிறது. ஐமோல், சிரு, கரம், கொய்ரெங், கோம், புரும் என்ற ஆறு குடிகளைச் சேர்த்துக் 'கோம்ரெம்' என்ற பொதுப் பெயரும் புழங்குகிறது. மத்திய அரசின் பழங்குடிப் பட்டியலிலோ 1956 முதலே சிரு தனிப் பெயராக இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மூன்று முகவரி. தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது அந்த மக்களின் உரிமை. மொழியியல் அதில் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கணக்கெடுப்புக்காரர் தாய்மொழி என்ன என்று கேட்கும்போது குடையின் பெயரைச் சொல்லிவிட்டால் குடைக்குள் இருக்கும் மொழிக்கு ஒரு எண் குறையும். சின்ன மொழிகளின் எண்ணிக்கை இப்படியும் கரைகிறது. பேச்சு அப்படியே இருக்கும், பதிவில் காணாமல்போகும்.

பிறகு 2023 வந்தது. மே 3 அன்று தொடங்கிய மெய்தேய்-குக்கி மோதல் பள்ளத்தாக்கையும் மலையையும் கத்தியால் கீறியதுபோலப் பிரித்தது. மாதக்கணக்கில் இணையம் இல்லை. இரு பக்கமும் சேராத குட்டிக் குடிகள் நடுவில் சிக்கின. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் மேரி கோம், இரு தரப்புக்கும் இடையே மாட்டிக்கொண்ட கோம் ஊர்களைக் காக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். தாம்பாளத்தின் விளிம்பு என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்த விளிம்பே எல்லைக்கோடானது. கங்சூப் பக்கம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. சின்ன மொழிக்குப் பள்ளிக்கூடம் செய்யும் சேதம் மெதுவானது, தலைமுறைக் கணக்கு. இடம்பெயர்வு செய்யும் சேதம் வேகமானது. பத்து ஊர்களில் கூடி வாழ்ந்து பேசப்பட்ட மொழி, ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினால் பேச எதிராளி இல்லாமல் போகும்.

'அழிநிலை' என்றால் என்ன

கடைசியாகப் பேசிய ஒரு பாட்டி இறந்தார், அவருடன் மொழியும் போனது என்ற மாதிரிக் கதைகளைப் படித்துப் பழகிவிட்டோம். அந்தமானில் 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது போ மொழி அப்படித்தான் போனது. சிரு அந்த நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், ஊர்கள் இருக்கின்றன, பேச்சு இருக்கிறது. அழிநிலை என்ற சொல்லை இங்கே வேறு மாதிரி புரிந்துகொள்ள வேண்டும்.

யுனெஸ்கோ 2003இல் வகுத்த அளவுகோலில் ஒன்பது காரணிகள். பேசுவோர் எண்ணிக்கை அதில் ஒன்று மட்டுமே. பெற்றோர் குழந்தைக்குக் கடத்துகிறார்களா, எந்தெந்த இடங்களில் பேச்சு புழங்குகிறது, புதிய ஊடகத்தில் வருகிறதா, படிக்க ஏதாவது இருக்கிறதா, பேசுகிறவர்களே அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அரசு எப்படி நடத்துகிறது என்று நீள்கிறது. எட்டாயிரம் பேர் இருந்தும் வீட்டு வாசலைத் தாண்டாத மொழி, இரண்டாயிரம் பேர் இருந்தும் பள்ளியில், பாட்டில், கைபேசியில் புழங்கும் மொழியை விட ஆபத்தில் இருக்கலாம்.

என் கணிப்பில் சிருவுக்கு முதன்மையான ஆபத்து கல்யாணத்திலிருந்து வரும். இதைச் சொன்னால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். குலத்துக்குள் கட்டக் கூடாது என்ற விதியும், எட்டாயிரம் பேர் என்ற சிறிய வட்டமும், இம்பாலில் படிக்கும் வேலை பார்க்கும் இளைஞர்களும் சேர்ந்தால் வெளியே மணமுடிப்பது இயல்பு. கணவன் சிரு, மனைவி வேறு குடி என்றால் இருவருக்கும் பொதுவான மொழி பெரும்பாலும் மெய்தேய். அல்லது ஆங்கிலம். குழந்தை அதைத்தான் முதலில் கேட்கும். யாரும் சிருவைக் கைவிடத் தீர்மானிக்கவில்லை, ஒரு கல்யாணம் நடந்தது, அவ்வளவுதான். சட்டத்தால் இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சட்டம் செய்யக்கூடியது வேறு. அரசமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. 1956 முதல் இருக்கும் பிரிவு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழி என்கிறது. அந்த 'முடிந்தவரை' என்ற சொல்லில்தான் எல்லாச் சின்ன மொழிகளும் தடுக்கி விழுகின்றன. புத்தகம் இல்லையே, ஆசிரியர் இல்லையே என்பார்கள். எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் என்று கேட்டால் மறுபடியும் அந்த அட்டவணைக்குத்தான் வர வேண்டும், அதில் 'பிற' என்று இருக்கும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். சாதியைக் கேட்பார்களே என்று நாம் இங்கே அடித்துக்கொண்டிருக்க, மணிப்பூரின் மலையடிவாரத்தில் வேறொரு கேள்விக்கு எடை அதிகம். கணக்கெடுப்பின் விதிப்படி தாய்மொழி என்பது ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவர் தாய் அவரோடு பேசிய மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தால் அந்த வீட்டில் பேசப்பட்ட மொழி. வந்து கேட்கிறவர், இது தனி மொழியா வட்டார வழக்கா என்று ஆராயக் கூடாது; சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். 2011இல் 8,599 பேராக இருந்தவர்கள் பதினாறு ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கலாம். ஆனால் மோதலுக்குப் பின் எத்தனை வீடுகள் அதே இடத்தில் இருக்கும், கதவைத் தட்டுகிற ஆசிரியர் எந்த மொழிக்காரராக இருப்பார், கேள்வியை எந்த மொழியில் கேட்பார் என்பதையெல்லாம் பொறுத்தது அந்த எண். மெய்தேயில் கேட்ட கேள்விக்கு மெய்தேயிலேயே பதில் சொல்லும் பழக்கம் உள்ள ஓர் அம்மா, தன் தாய் தன்னைத் தாலாட்டிய மொழியின் பெயரை அந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்: சிரு.